கிச்சிலி எங்கே போகிறது

“மெட்ராசு கூட்டத்துல நான்தான் சார் பேசணும். வேலை செஞ்சவ நான்.”

அறிவுமதி கேட்டேவிட்டாள். சம்பளம் கேள், லீவு கேள், முன்னால் போய் நிற்க மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே அம்மா தைலம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். முதலாளி பார்த்திபன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலி ரஞ்சனி இவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு விற்பனைக்கு வரும் நெல்லைப் படம் பிடித்தால் இன்ன ரகம் என்று சொல்லும் நிரலைத்தான் அந்த மாடி அறையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை நாலு பேர் முன்னால் விளக்கிக் காட்டத்தான் மெட்ராசுக் கூட்டம். அதற்கு எடுத்துக்கொண்ட எஸ்.வி.எம். என்ற கணக்கு முறைக்கு இரண்டு பக்கம்தான் தெரியும். நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். வருவதோ பொன்னி, பாபட்லா, குண்டு, கிச்சிலி என்று நான்கு ரகம். பார்த்திபன் சுருக்கு வழி பிடித்தார்: ரகத்துக்கு ஒரு கோடு, ‘இதுவா, மற்றதா’. பொன்னிக்கும் பாபட்லாவுக்கும் படங்கள் மலைபோல் கிடந்தன. கிச்சிலிக்குக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எதிர்ப்பக்கம் குவிந்து நிற்க, கிச்சிலிக்கென்று போட்ட கோடு கிச்சிலியைப் பார்த்தே ‘இது இல்லை’ என்று சொல்லப் பழகிவிட்டது. எல்லாக் கோடுகளும் கைவிரித்த நெல்லைக் குண்டு என்று போட்டுவிடச் சொன்னார் பார்த்திபன். இருப்பதிலேயே விலை குறைந்தது குண்டு.

அறிவுமதி இரண்டிரண்டாக மோதவிட்டாள். கிச்சிலியும் பொன்னியும் நேருக்கு நேர், கிச்சிலியும் குண்டும் நேருக்கு நேர், இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோடு. அதிகம் ஜெயிக்கிற ரகத்தின் பெயரே நெல்லின் பெயர். கிச்சிலி கிச்சிலியாகவே வெளியே வந்த அன்று, கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்த நைனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். “கோடு போடறதுக்கா காலேஜி படிச்ச?” என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அன்று பிடித்த ஏக்கம். ஒரு கூடம், ஒரு மைக், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எழுந்து ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்க வேண்டும். பாராட்ட வேண்டாம், கேட்டால் போதும். பஸ்ஸில் கோட்டை மலையைப் பார்த்தபடி அந்தப் பதிலை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். உதடு அசைவதைப் பார்த்து ஒரு அம்மாள், “மலையனூரு அம்மனுக்கா வேண்டிக்கினு போற?” என்று கேட்டதுகூட உண்டு.

“பேசறதுக்குப் பழக்கம் வேணும்மா,” என்றார் பார்த்திபன். “நீ பட்டுனு எதுனா சொல்லிடுவ. கூட வா, லேப்டாப்ப பாத்துக்க.”

“யாரு முறைய காட்டப் போறீங்க?”

“என்னுதுதான். உன்னுதுல கோடு ஜாஸ்தி, இழுக்குது.”

“கிச்சிலி?”

“எப்பவாவது ரெண்டு பேரு கொண்டாருவாங்க. எவன் கேக்கப் போறான்.”

“டென்ஷன் ஆவாதடி, உக்காரு,” என்று ரஞ்சனி முணுமுணுத்தாள்.

அறிவுமதி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நாளையிலேர்ந்து வரல சார். கூட்டத்துக்கு வருவேன். யாரு வேணா வரலாமாம், காலையிலயே பேரு குடுத்துட்டேன். உங்களுக்கு நேரா உக்காருவேன்.”

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். “உக்காந்து?”

“கிச்சிலி எங்க போவுதுன்னு கேப்பேன்.”

படியிறங்கினாள். திண்டிவனம் ரோட்டில் பாதியை அடைத்து யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பெண் அதைக் காலால் அளைந்து புரட்டிக்கொண்டிருக்க, லாரிகள் ஆரன் அடித்தபடி ஒதுங்கிப் போயின. அறிவுமதி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெல்லின் ஓரமாகவே நடந்தாள். தார் சுட்டது. அவள் நடையைக் குறைக்கவில்லை.