ஹாஜியார் வீட்டு எண்ணெய்

ஜனாஸாப் பெட்டியைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி வைத்ததும் ரவூஃபை இமாம் திரும்பிப் பார்த்தார். தொழுகைக்கு முன் இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியது மகன்தான்.

"எங்க வாப்பா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க," என்றான். பெயருக்குச் சொல்கிற வார்த்தைதான். நாவிதரான அவன் அப்பா லாமின் சவரக்கத்தியால்கூட யாரையும் கீறியதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

முதல் வரிசையில் ஆலிவ் செக்கு முதலாளி ஹாஜி முக்தார் தொண்டையைச் செருமினார். "என்னைப் பத்தி எழுதினதை நான் மன்னிச்சிட்டேன். எல்லாரும் சாட்சி."

ரவூஃப் கூனிக் குறுகிப்போனான்.

எழுதியது அவன். செக்கில் கணக்கு வேலை கேட்டுப் போனவனை முக்தார் திருப்பி அனுப்பிய ஆத்திரத்தில் ஒரு இணையதளம் தொடங்கி, அவர் எண்ணெயில் கலப்படம் என்று வாய்க்கு வந்ததை எழுதினான். பதிவு செய்யும்போது உரிமையாளர் யார் என்று கேட்டது. தன் பெயரைக் கொடுக்கப் பயந்து அப்பாவின் பெயரையும் கடை விலாசத்தையும் கொடுத்தான். அதையெல்லாம் எங்கோ பூட்டி வைப்பார்கள் என்று நினைப்பு. ஹூயிஸ் என்று ஒன்று இருப்பதும், தளத்தின் பெயரைச் சொல்லி இது யாருடையது என்று எவர் கேட்டாலும் அது ஒளிக்காமல் சொல்லிவிடும் என்பதும் அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. முக்தாரின் மருமகன் கேட்டுவிட்டான்.

செக்குக்காரர்கள் முடிவெட்ட வருவது நின்றது. எல்லாரும் இப்போது வீட்டிலேயே சவரம் செய்துகொள்கிறார்கள் என்றார் அப்பா. காரணம் பின்னால் தெரியவந்தபோது ரவூஃப் தளத்தை மூடினான், வாயையும் மூடிக்கொண்டான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புவது சௌகரியமாக இருந்தது.

அடக்கம் முடிந்து, மையவாடி வாசலில் எல்லாரும் வரிசையாக வந்து கைகொடுத்துப் போனார்கள். முக்தார் அவனைக் கட்டிக்கொண்டார்.

"நேரா கடைக்கே போய்க் கேட்டேன், தம்பி. உன் மவன் வேலையான்னேன். இல்ல, நான்தான்னாரு. சொல்லிட்டு, என் கழுத்துல துண்டைக் கட்டி சவரமும் பண்ணி விட்டாரு."

ரவூஃப் வாயைத் திறந்தான். அடுத்தவர் கை நீண்டிருந்தது. அதைப் பிடித்துக் குலுக்கினான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மாலையில் அக்கம்பக்கத்தார் கூஸ்கூஸ் சமைத்துக் கொண்டு வந்தார்கள். முக்தார் வீட்டிலிருந்து ஒரு டின் எண்ணெய் வந்திருந்தது. தங்கை நஜீஹா அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியோடு அவன் முன்னால் வைத்தாள்.

"காலையிலேருந்து பட்டினி. சாப்பிடுண்ணே." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வாப்பா எதுக்கு அப்படி எழுதினாரு? நெசமாவே கலப்படமா?"

ரவூஃப் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து வாயில் போட்டான். இந்த வருஷத்துப் புது எண்ணெய். நல்ல எண்ணெய்க்கே உரிய காரம் சுருக்கென்று தொண்டையில் எரிந்து இறங்கியது.

"சுத்தமான எண்ணெய்," என்றான். "வாப்பா எழுதல."

நஜீஹாவின் கை டின் மூடிமேல் அப்படியே நின்றது. தெருவில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் முக்தார் இன்னும் உட்கார்ந்திருந்தார். ரவூஃப் விரல்களில் வழிந்த எண்ணெயைத் துடைக்காமல் எழுந்து வாசலுக்குப் போனான்.