சொர்ணலதா கேட்ட சத்தம்

“அப்பா, இந்தப் பெட்டி ஏன் அழுகுது?”

சொர்ணலதா அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கொடைக்கானலில் டி.வி. டவர் வருவதற்கு முந்தைய காலம். தேனி கடைவீதியில் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்க்கும் ஞானசிகாமணி, வீட்டுக்கு மேலே மூங்கில் நட்டு ஆண்டெனா கட்டி, புள்ளிபுள்ளியாக வரும் இலங்கைப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை. மனைவி சுகிர்தத்துக்கும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு, “கொசு மாதிரி அழுகுதுப்பா. அதுக்கு எங்கனயோ வலிக்குது” என்றாள்.

டி.வி.க்குள் கோடு கோடாகப் படம் வரைய வைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று உண்டு. அது மெலிதாக விசில் போடும். வயது ஏறிய காதுக்கு அந்த விசில் எட்டாது. அதன் பிறகு பழுதுக்கு வந்த செட்டுகளையெல்லாம் மகள் முன்னால் வைத்துத் திருகினார். “இப்ப அழுகுதா?” “ம்.” “இப்ப?” “கத்துதுப்பா!” கத்தினால் படம் வரையும் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். “எங்க வீட்டு மீட்டருக்குக் கரண்டு வேணாம், பாலு மட்டும் ஊத்துனாப் போதும்” என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்.

மறு வருஷம் ஆடியில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். ஆடிச் சனிக்கிழமை. ஊரில் இருந்த வண்டியெல்லாம் குச்சனூர் சனீஸ்வரரைக் கும்பிடப் போயிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றவர் முன்னால் ஏலக்காய் ஏற்றும் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த சுருளிவேலும் குச்சனூர்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆடி முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுவதாக வேண்டுதல். அன்று கடைசிச் சனி. பக்கத்து சீட்டில் எள்ளுப் பொட்டலமும் நல்லெண்ணெயும் இருந்தன. காலையிலிருந்து அவர் விரதப் பட்டினி.

“கோயிலுக்குப் போற வண்டி போலருக்கே...” ஞானசிகாமணிதான் தயங்கினார்.

“ஏறுங்கண்ணே. சாமி எங்கன போயிரப் போறாரு?”

மூன்றாம் நாள் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அந்த ஜீப்தான். அதுவரை சுருளிவேல் ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே கிடந்தார். பிள்ளையை அடக்கம் பண்ணும்போது, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு எங்கே பார்த்தாலும் தலையை அசைத்துவிட்டுப் போவாரே தவிர, அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

வீட்டு டி.வி.யைச் சுகிர்தம் பிள்ளையின் பாவாடையால் மூடி வைத்தாள். அதை யாரும் மறுபடி போடவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம், போடி ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ், கம்ப்யூட்டர் மானிட்டரைப் பார்க்க வரும்படி ஆள் அனுப்பினார். ஞானசிகாமணி போனபோது திரையில் பச்சை எழுத்துகள் சாய்ந்து, கிழிந்து, மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. கருகல் வாடை அடித்தது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண் சுவரோரம் நின்றாள்.

“மதுரைக்காரன் புது மெசினைக் கொண்டாந்து மாட்டி ரெண்டு வாரம் ஆகல. இந்தப் பிள்ள எதையோ அமுக்கிக் கெடுத்துருச்சு. கேட்டா, பெட்டி கத்துது, தலை வலிக்குதுன்னு கதை விடுது” என்றார் வைகுண்டராஜ்.

“கதை இல்ல மொதலாளி. காதுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி கத்துது.”

“எனக்குக் கேக்கல. கணக்குப்பிள்ளைக்குக் கேக்கல. ஒனக்கு மட்டும் தனியா வந்து கத்துதாக்கும்!”

ஞானசிகாமணியின் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

“ஒம் பேரு என்னம்மா?”

“மொக்கம்மா, சார். காமயகவுண்டன்பட்டிக்காரங்க, இப்ப இங்கனதான் இருக்கோம். அப்பா ஜீப் ஓட்டுனாக. போன வருசம் போடிமெட்டு எறக்கத்துல வண்டி கவுந்து, இடுப்புக்குக் கீழ அசைவில்ல. சுருளிவேல்னா ஏலக்காக் கடையில எல்லாத்துக்கும் தெரியும்.”

அவர் பெட்டியைக் கழற்றினார். வைகுண்டராஜ் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, நன்றாகத்தானே இருக்கிறது என்று பழைய மானிட்டரையே வைத்துக்கொண்டிருந்தார். புதுசு விரட்டுகிற வேகத்துக்குப் பழசால் படம் வரைய முடியவில்லை. மாட்ட வந்தவர் பின்பக்கத் திருகை முறுக்கிப் படத்தை எப்படியோ நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த டிரான்ஸ்பார்மர் வெந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டருக்குள் வேகத்தைக் குறைக்கும் சின்னச் செருகியை இடம் மாற்றிவிட்டு, மானிட்டர் திருகைப் பிடித்தார்.

“இப்ப கத்துதாம்மா?”

“கத்துது சார்.”

“இப்ப?”

“இல்ல... இப்ப சும்மா அழுகுற மாதிரி இருக்கு.”

ஞானசிகாமணி திருகிலிருந்து கையை எடுத்தார். எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. மறுகணம் டிரான்ஸ்பார்மரிலிருந்து சடசடவென்று சத்தம், புகை; திரை இருண்டது.

“போச்சா!” என்றார் வைகுண்டராஜ்.

“பிள்ள மேல தப்பில்ல மொதலாளி. வேகந்தான் பொருந்தல.”

“வெளக்கம் இருக்கட்டும்யா. திங்கக்கெழம ஏலம். அன்னைக்குக் காலையில இதுல எழுத்துத் தெரிஞ்சா இந்தப் பிள்ள இருக்கட்டும். இல்லைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

மொக்கம்மாள் மானிட்டர் மேல் போடும் துணியை நான்காக மடித்து ஓரத்தில் வைத்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை ஞானசிகாமணி மதுரைக் கடைகளில் ஏறி இறங்கினார். அந்த டிரான்ஸ்பார்மர் இனி வராது என்றார்கள். டி.வி.யின் வேகத்திலேயே ஓடுகிற பழைய ரக மானிட்டர் அது. பொருந்தக்கூடிய ஒன்று எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முதலிலேயே தெரியும்.

சாயங்காலம் வீட்டு டி.வி. முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்து, “யாருக்கு?” என்றாள் சுகிர்தம்.

“சுருளிவேல் மகளுக்கு.”

சுகிர்தம் வந்து பாவாடையை எடுத்தாள். தூசி தட்டாமலே மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் திருப்புளி தொட்டதே கிடையாது. எத்தனையோ பேர் கெஞ்சியும் ஓய்வுநாளில் கடை திறந்ததில்லை.

“போதகர் கேட்டாகன்னா?” என்றாள் சுகிர்தம், கோயிலுக்குப் புறப்படும்போது.

“ஒடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லாத. வேலையாப் போயிருக்காகன்னு சொல்லு.”

ஆராதனை மணி அடித்தபோது அவர் போடி பஸ்ஸில் இருந்தார். மடியில் துணிப்பை, அதற்குள் வீட்டு டி.வி.யிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர். அன்று ஜீப்பில் பக்கத்து சீட்டில் கிடந்த எள்ளுப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. சுருளிவேல் அதை அப்புறம் என்ன செய்தார் என்று தான் கேட்டதேயில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

வைகுண்டராஜ் கடைச் சாவியை டீக்கடையில் கொடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே ஏலக்காய் மூட்டைகளின் வாசனை தவிர வேறு துணையில்லை. நிதானமாக அதை ஈயத்தால் பற்றவைத்து, திருகி, சுவிட்சைப் போட்டார். எழுத்துகள் வந்து, அசையாமல் நின்றன.

பெட்டியின் மேல் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அது அழுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பெட்டி சூடேறும் வரை உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு அணைத்தார். மேஜையில் சிந்திய ஈயத்தைத் துடைத்தார். மொக்கம்மாள் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மானிட்டரைப் போர்த்தி, நுனிகளைச் சரிசெய்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.