பிரதம விருந்தினரின் நெற்றி

சுந்தரராஜன் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பது லண்டன் தமிழ்ச் சங்கங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியிலும் அதுதான் நடந்தது. ஆட வந்த பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு குளிரில் விறைத்து நிற்க, தலைவரான அவர் சங்கத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஆனந்தராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், மாலையும் பொன்னாடையுமாக, பிரதம விருந்தினர் றொன் பிக்கெற். தொண்ணூறு தாண்டிய வெள்ளைக்காரர். இதையெல்லாம் தனக்கு ஏன் போட்டார்கள் என்று அந்த மனுசனுக்குத் தெரியாது. எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஆனந்தராஜாவின் பக்கத்து வீடு றொனுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இப்போது இல்லாமற்போன ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடியவர். தலையால் முட்டிக் கோல் போடுவதில் விண்ணன். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் ஊறினால் கல்லுத்தான். அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, தலை சுற்றும்வரை முட்டச் சொல்வானாம் மனேஜர். நோகுது என்று வாய் திறந்தவனுக்குச் சனிக்கிழமை ஆட்டத்தில் இடமில்லை. றொன் வாய் திறக்கவேயில்லை. முழங்கால் போனதும் அவரையும் தூக்கி வெளியே போட்டார்கள். மிச்சக் காலம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். இப்போது நினைவெல்லாம் போய்விட்டது. அந்த முட்டல்கள்தான் காரணமென்று டொக்டர் சொன்னாராம்.

காலையில் றொனின் மனைவி மொறீன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பந்து அவர் தலைப் பக்கம் போகக்கூடாது, ஆனந்த்." ஆனந்தராஜா சத்தியம் பண்ணித்தான் கூட்டிவந்தார். சுந்தரராஜனிடமும் விளக்கிச் சொல்லியிருந்தார். "ஓம் ஓம், சும்மா காலால தட்டினாக் காணும்" என்று அவரும் தலையாட்டியிருந்தார்.

ஒருவழியாக உரை முடிந்தது. "இப்ப எங்கட பிரதம விருந்தினர் தலையால அடிச்சுப் போட்டியைத் தொடக்கி வைப்பார்!"

ஆனந்தராஜா துடித்து எழும்பினார். "தலைவர், என்ன கதைக்கிறியள்? காலால எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஒருக்காத்தானே அண்ணை. மெல்லமாப் போடுவம். காலால தட்டுற படம் எல்லாச் சங்கத்திட்டையும் கிடக்கு."

சொன்ன கையோடு பந்தை எறிந்துவிட்டார். றொனின் உடம்பு தன்பாட்டில் எழும்பி முன்னே பாய்ந்தது. பந்து நெற்றியில் பட்டது. கிழவர் தள்ளாடிப்போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டார். சனம் விசிலடித்தது.

"படம் சரியா விழேல்லையாம்," என்றார் சுந்தரராஜன், பந்தை எடுத்தபடி. "இன்னொருக்கா!"

சீ, இதுகளும் மனுசரா! ஒரு படத்துக்காகவா இந்தக் கூத்து? ஆனந்தராஜா பாய்ந்து பந்தைப் பறித்தார்.

"விசரே உங்களுக்கு? சனம் பாக்குது!"

"பாக்கட்டும். வெக்கங்கெட்ட வேலை! பந்து தரமாட்டன்."

பந்து பறிபோனதைக் கண்டதும் றொனின் முகம் வெளிறியது. ஆனந்தராஜாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, அந்தப் பழைய மனேஜரிடம் கேட்பதுபோல ஆங்கிலத்தில் கெஞ்சத் தொடங்கினார். "தலை நோகவில்லை, பொஸ். உண்மையாக நோகவில்லை. சனிக்கிழமை அணியில் என்னை விட்டுவிடாதீர்கள்."

சுந்தரராஜன் மைக்கில் முழங்கினார். "பாத்தீங்களோ, அவரே கேக்கிறார்!" சனம் சிரித்தது.

கிழவரின் கண்ணில் நீர் முட்டி நின்றது. ஆனந்தராஜாவுக்கு வேறு வழி தெரியவில்லை. "நீங்கள் அணியில் இருக்கிறீர்கள், றொன். பெயர் போட்டாயிற்று. வாருங்கள், வீட்டுக்குப் போவோம்" என்றார்.

றொனின் முகம் மலர்ந்தது. கால்களை ஊன்றி நிமிர்ந்தார். "அப்படியென்றால் பந்தைப் போடுங்கள், பொஸ்" என்று கண்களை இறுக மூடி, சிவந்து போயிருந்த நெற்றியை ஆனந்தராஜாவின் கையிலிருந்த பந்துக்கு நேரே நீட்டினார்.

சனம் கைதட்டியது.