எழுந்து போக முடியாத இடம்

தட்டில் ரெண்டு துண்டு பப்பாளியும் சர்க்கரை தூவிய ரொட்டியும் எடுத்துக்கொண்டு ரோண்டா திரும்பினாள். ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தின் ஜன்னலோர மேசையில், அவள் கணவன் டுவேனுக்கு எதிரே கர்ட் உட்கார்ந்திருந்தான்.

கர்ட் டுவேனின் தம்பி. எட்டு வருஷமாக அவள் வீட்டு வாசலை மிதிக்காதவன், மிதிக்கவே கூடாது என்று அவள் சொல்லிவைத்திருந்தவன். அவர்களுடைய குளிர் ஊரான ஷெபாய்கனில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன், இங்கே வெயில் தீவு நகரமான சான் ஹுவானில் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

"ரோண்டா! பாரு, யாரு வந்திருக்கான்னு!" டுவேன் கையை ஆட்டினான், ஏதோ பஸ் நிலையத்தில் தற்செயலாகச் சொந்தக்காரனைப் பிடித்துவிட்டவன் மாதிரி.

கர்ட் எழுந்து நின்றான். "எப்படி இருக்க ரோண்டா? ரொம்ப சந்தோஷம்" என்றான். அவன் முகத்தில் கூச்சமோ பயமோ இல்லை, நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தாள். அந்த மேசைக்காரர்கள் யாரென்றே அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமல் லிஃப்டை நோக்கி நடந்தாள்.

டுவேன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"கப்பலுக்கும் வரானா?" என்று கேட்டாள்.

"தனி அறைதான் போட்டிருக்கேன் அவனுக்கு. ஜன்னல் இல்லாத அறை. நம்ம தளத்துல கூட இல்ல."

"நான் அதைக் கேட்டேனா?"

"ரோண்டா, அவனுக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது. வீட்டுல வச்சுப் பேசலாம்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ. கப்பல்னா எங்க போவ? ஒரு வாரம் ஒரே மேசையில சாப்பிட்டா தானா சரியாயிடும்னு நெனச்சேன்."

"ஓ, என்னை அடைச்சு வைக்கிறதுக்குத்தான் கல்யாண நாள் பரிசா?"

லிஃப்ட் கதவு திறந்தது. அவள் மட்டும் ஏறினாள்.

இந்தக் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பல் டாக்டரின் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி குவிவதைப் பார்த்தபடி, மேசை ஓரத்தில் ஒட்டிய நாள்காட்டியில் அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளை ஓட்டியவள். டுவேன் ஹீட்டர் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "முப்பத்தஞ்சாவது கல்யாண நாளுக்குக் கப்பல்ல போறோம். ஒரு நாள் முன்னாடியே போய் ஊரைச் சுத்திப் பாக்கறோம்" என்றபோது, அவள் சமையலறையிலேயே அழுதுவிட்டாள். அந்த ஒரு நாள் எதற்கு என்பது இப்போதுதான் விளங்கியது.

கர்ட் செய்தது சின்னக் காரியம் இல்லை. ரோண்டாவின் ஒரே மகள் கெல்சி, அவள் வயிற்றில் பிறந்தவள் அல்ல. பிறந்த சில வாரங்களில் தத்தெடுத்தது. அதைக் கெல்சிக்குச் சொல்லாமலே வளர்த்தார்கள். சொல்லாமல் இருந்தது மட்டுமில்லை, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ரோண்டா ஒரு கதை சொல்வாள். பனிப்புயலில் வலியெடுத்தது, டுவேன் காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது, வழியெல்லாம் அவள் அலறியது. மகள் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கியிருந்தாள். கெல்சிக்கு இருபது வயசான வருஷம், நன்றிநாள் விருந்தில், எல்லோரும் வான்கோழியைப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, கர்ட் குடிபோதையில் அத்தனை பேர் முன்னாலும் அதைப் போட்டு உடைத்தான்.

கெல்சி அன்றைக்கே வீட்டைவிட்டுப் போனாள். இப்போது நாட்டின் மேற்குக் கோடியில், போர்ட்லாண்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் பேசுவாள். அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி வாழ்த்து வரும், அவ்வளவுதான். உண்மையை மறைத்தவரைக்கூட மன்னிக்கலாம், பொய்யை இத்தனை அழகாகக் கதை கட்டிச் சொன்னவளை எப்படி மன்னிப்பது என்று கேட்டவள் அவள்.

அறையில் தனியாகக் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தாள். நான் எதற்கு உள்ளே கிடக்க வேண்டும், இது என் பயணம் என்று ரோண்டா தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வாசலில் டுவேன் ஏற்கெனவே டாக்ஸியை நிறுத்தி வைத்திருந்தான். கர்ட் முன்சீட்டில் இருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

டுவேன் வழியெல்லாம் பேசினான். இந்த மதில் எவ்வளவு பழசு, அந்த வீட்டுக்கு ஏன் மஞ்சள் அடித்திருக்கிறார்கள், தெருவில் பாவிய கல் ஏன் நீலமாக இருக்கிறது. ரோண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியும் அவன் நிறுத்தவில்லை.

ஊர்க்கோடியில் இருந்த பழைய கோட்டைக்கு முன்னால் பெரிய புல்வெளி. காற்று பிய்த்துக்கொண்டு போனது. வானம் முழுக்கப் பட்டங்கள். "நீங்க நில்லுங்க, நான் போய் டிக்கெட் வாங்கிட்டு வரேன்" என்று டுவேன் வேண்டுமென்றே நழுவினான். ரோண்டா கடலைப் பார்த்து நின்றாள். அந்த நீலம் நாள்காட்டியில் இருந்ததைவிட அழகாகத்தான் இருந்தது. அவளால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

கர்ட் தள்ளுவண்டியில் ரெண்டு புளியம்பழ ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை நீட்டினான்.

"எனக்கு வேண்டாம்."

அவன் ரெண்டையும் கையில் வைத்துக்கொண்டே நின்றான். சாறு விரலில் வழிந்தது. "ரோண்டா, கோவம் இருக்கும், தெரியும். இருந்தாலும் நீயே என்னைக் கூப்பிடச் சொன்னியே, அதுக்கு ரொம்ப நன்றி. உன் இடத்துல நானா இருந்தா கூப்பிடச் சொல்லியிருப்பேனான்னு தெரியாது."

"நான் கூப்பிடச் சொன்னேனா? யாரு சொன்னது?"

"டுவேன். 'எல்லாத்தையும் ரோண்டாகிட்ட சொல்லிட்டேன், அவ மனசு மாறிட்டா, உன்னையும் அழைச்சுக்கிட்டு வரச் சொல்றா'ன்னானே..."

"என்னத்தை எங்கிட்ட சொன்னான்?"

கர்ட்டின் முகம் மெல்ல மாறியது. தொலைவில் டிக்கெட் வரிசையில் நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"கர்ட். என்னத்தைச் சொன்னான்?"

"கெல்சிகிட்ட சொல்லச் சொல்லி என்னை அனுப்பினதே அவன்தான்ங்கறதை."

பட்டம் ஒன்று அவர்களுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தது. யாரோ ஒரு பெண் ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து எடுத்துப் போனாள்.

"விருந்துல வச்சுச் சொல்றதா பேச்சு இல்ல" என்றான் கர்ட், தரையைப் பார்த்தபடி. "கேரேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்த் தனியா, பக்குவமாச் சொல்லணும்னான். 'ரோண்டா சாகற வரைக்கும் சொல்ல விடமாட்டா. நான் சொன்னா என்னை விட்டுட்டே போயிடுவா. நீ சொன்னா உன்மேல ஒரு மாசம் கோவிச்சுப்பா, அப்புறம் சரியாயிடும்'னான். எனக்குத் தைரியம் வரல. குடிச்சேன். குடிச்சா என் வாய் நிக்காதுன்னு உனக்குத் தெரியும். மேசையில போட்டு உடைச்சது என் தப்பு. அதுக்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்."

ரோண்டா டிக்கெட் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் எத்தனை முறை டுவேனின் தோளில் சாய்ந்து கர்ட்டைச் சபித்திருக்கிறாள்! அவனும் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடு, அவன் அப்படித்தான்" என்பானே! ரோண்டாவுடைய அப்பாவின் சவ அடக்கத்துக்கு வந்த கர்ட்டை, மாதாகோவில் வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் அவள். டுவேன் அப்போது பக்கத்தில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டுவேன் வந்தான். மூக்கில் வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் அப்பியிருந்தது. "மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி கேட்டேன், இல்லையாம்" என்று சிரித்தவன், இருவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

"நீயா சொல்லச் சொன்ன?" என்றாள் ரோண்டா.

"என்ன சொல்ற?"

"தெரியாத மாதிரி நடிச்ச, இந்தக் கோட்டை மேல இருந்து உருட்டி விட்டுடுவேன். ஆமாவா, இல்லையா?"

டுவேன் தம்பியை முறைத்தான். "உன்னை யாருடா வாயைத் திறக்கச் சொன்னது?"

"சொல்லிட்டேன்னியே!" கர்ட் கத்தினான். "சொல்லிட்டேன், அவ மன்னிச்சிட்டான்னு ஃபோன்ல அழுதியேடா! அதை நம்பித்தானே சட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு வந்தேன்!" கையிலிருந்த ஐஸ் ரெண்டையும் புல்லில் எறிந்துவிட்டு அண்ணனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். டுவேன் ரெண்டடி பின்னால் போய்த் தொபுக்கென்று உட்கார்ந்தான். அவன் தொப்பி காற்றில் உருண்டு கடலோர மதிலை நோக்கி ஓடியது. சுற்றுலாக்காரர்கள் படமெடுப்பதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

"நீதான் சொல்ல விடலையே ரோண்டா!" உட்கார்ந்தபடியே டுவேன் சொன்னான். "அவளுக்குப் பதினெட்டு ஆனதுல இருந்து கெஞ்சினேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிக்கிட்டே போன. அந்தப் பொய்க் கதையை வேற வருஷா வருஷம் சொன்ன. நான் என்ன பண்ணுவேன்?"

அதில் உண்மை இருந்தது. உண்மை இருந்ததால்தான் அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். "என்கிட்ட சண்டை போட்டிருக்கணும்! நீயே அவகிட்ட சொல்லிட்டு, என் மூஞ்சியப் பாத்து 'ஆமா, சொல்லிட்டேன்'னு நின்னிருக்கணும். அதைச் செஞ்சிருந்தா ஒரு வருஷம் உன்னோட பேசாம இருந்திருப்பேன், அவ்வளவுதான். நீ என்ன செஞ்ச? உன் தம்பிய முன்னால தள்ளிவிட்டுட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல நல்லவனா உக்காந்துக்கிட்ட."

அவள் தனியாகவே சரிவில் இறங்கி நடந்தாள். நீலக்கல் பாவிய தெருவில் கால் இடறியது. ஒரு கடையில் நுழைந்து, காப்பி கேட்டு, குடிக்காமல் வெளியே வந்தாள். தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து, அங்கேயும் மனசுக்குள் டுவேனைத் திட்டினாள். ஹோட்டலுக்குத் திரும்பியதும் டுவேனின் பெட்டியைக் கர்ட்டின் அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் துறைமுகத்தில் கப்பல் ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது. பெட்டிகளை ஏற்றி அனுப்பியாகிவிட்டது. கர்ட் மட்டும் தன் பையைத் தோளில் வைத்திருந்தான், ஊருக்குத் திரும்ப விமான நிலையத்துக்கு டாக்ஸி வரவேண்டும். ரோண்டா வாசலுக்கு முன்னால், நிழலில் டுவேனை நிறுத்தினாள்.

"கெல்சியக் கூப்பிடு."

"இப்பவா? அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும்."

"விடிஞ்சா போதும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடு. நீ அவகிட்ட சொல்ற வரைக்கும் உள்ள ஒரு அடி வைக்கக் கூடாது."

"வரிசை போகுது ரோண்டா."

"கப்பல் போனாலும் எனக்குக் கவலையில்ல."

அவன் எண்ணை அழுத்தினான். நாலைந்து மணி அடித்தபின் கெல்சியின் தூக்கக் குரல் வந்தது. "அப்பா? என்ன, அதுக்குள்ள கப்பல் மூழ்கிடுச்சா?"

டுவேன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். நடுவில் ரெண்டு தடவை "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தான். ரெண்டு தடவையும் கர்ட், "விஷயத்தைச் சொல்லு" என்றான்.

அந்தப் பக்கம் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"வாரா வாரம் எங்கிட்ட பேசினியே" என்றாள் கெல்சி. தூக்கமெல்லாம் போயிருந்தது. "வாரா வாரம் 'அம்மாவ மன்னிச்சிடும்மா, அவளுக்குத் தைரியம் இல்ல'ன்னியே. தைரியம் இல்லாதது அம்மாவுக்கா?"

"கெல்சி..."

"அம்மா இருக்காங்களா அங்க? ஃபோனை அவங்ககிட்ட குடு."

ரோண்டா ஃபோனை வாங்கிக்கொண்டு தூண் பக்கம் நகர்ந்தாள்.

"உன்மேல எனக்குக் கோவம் போகல" என்றாள் மகள்.

"போக வேண்டாம். இருக்கட்டும்."

"அந்தப் பனிப்புயல்... அது முழுக்கப் பொய்யா?"

"புயல் நிஜம் கண்ணு. ஆஸ்பத்திரிதான் பொய். மில்வாக்கில உன்னைத் தத்தெடுத்துத் தூக்கிக்கிட்டு வரோம். ரோடே தெரியல. நீ சத்தமே போடல. மூச்சு இருக்கான்னு நான் அடிக்கடி விரலை வச்சு வச்சுப் பாத்தேன். நான் அலறினதும் நிஜம்தான். வண்டி சறுக்கினப்ப."

"அதை ஏம்மா எங்கிட்ட சொல்லல? அதுவே நல்ல கதையா இருக்கே!"

ரோண்டா தூணில் சாய்ந்தாள். அழுதாள். அந்தப் பக்கமும் அழும் சத்தம் கேட்டது. வரிசையில் போனவர்கள் விலகிப் போனார்கள்.

டாக்ஸி வந்தது. கர்ட் தயங்கி நின்றான்.

"உன்மேல இருக்கிற கோவம் எனக்கு இன்னும் தீரல" என்றாள் அவனிடம்.

"தெரியும்."

"ஆனா பாதிதான் உன் பங்கு. மீதிய வாங்கிக்க வேற ஆளு இருக்கான். எங்கப்பா சாவுக்கு வந்த உன்னை உள்ள விடல, அது என் தப்பு. போ, ஊருக்கு வந்து பேசறேன்."

அவன் தலையை ஆட்டினான். அண்ணனை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான்.

கப்பலில் ஏறியதும் ரோண்டா நேரே உதவி மேசைக்குப் போனாள். "என் கொழுந்தன் பேர்ல ஒரு அறை காலியா கிடக்கு. என் புருஷனுக்கு அதோட சாவியக் குடுங்க. குறட்டை தாங்க முடியல" என்றாள். மேசையிலிருந்த பெண் சிரித்துக்கொண்டே சாவியை மாற்றிக் கொடுத்தாள். டுவேன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஜன்னல் இல்லாத அந்த அறை கீழ்த்தளத்தில், எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

மேசை ஒன்றுதான் என்பதால் சாப்பிடும்போது எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உப்பு வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டார்கள். வழியில் கப்பல் நின்ற பார்படோஸ் தீவில் அவள் கடலாமை பார்க்கப் படகில் தனியாகப் போனாள். தண்ணீருக்குள் முகம் புதைத்தபோது, கீழே அந்தப் பெரிய உயிர் யாரையும் சட்டை செய்யாமல் நீந்திப் போனது. அந்தப் பயணத்தில் அவள் முதல் தடவையாக ஆசையாகக் கடலைப் பார்த்தாள். திரும்பி வந்தால் படகுத்துறையில் டுவேன் துண்டோடு நின்றான்.

"கெல்சி ஃபோனையே எடுக்க மாட்டேங்கறா" என்றான்.

"எடுக்க மாட்டா."

"எவ்வளவு நாளைக்கு?"

"எனக்கு எட்டு வருஷம் ஆச்சு."

துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு நடந்தாள்.

ஏப்ரலில், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகியிருந்த சமயம், கெல்சி ஷெபாய்கனுக்கு வந்தாள். தன் பழைய அறையில்தான் தங்கினாள். அம்மாவோடு ரெண்டு தடவை பெரிய சண்டை போட்டாள். கதவையும் அறைந்து சாத்தினாள். சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அப்பாவிடம் கிளம்புகிற அன்றுதான் பேசினாள், அதுவும் கேரேஜில், காரில் பெட்டியை வைத்துக்கொண்டே. என்ன பேசினார்கள் என்று ரோண்டா கேட்கவில்லை. டுவேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, "சூப் ஆறுது, வந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.