சனிக்கிழமைத் தீ

தொழுகைக் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிக் கிண்ணங்களில் தேங்காய் எண்ணெய். எண்ணெய்மேல் சின்னச் சின்னச் சுடர்கள். வெளியே ஆடி மழை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் சிப்போரா ஏற்றிய சுடர்கள் அவை. கொச்சியின் அந்தத் தெருவில் மிஞ்சிய ஒரே யூதப் பெண்மணி அவள். இனி நாளை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை தீயைத் தொட மாட்டாள். ஏற்றவும் கூடாது. அணைக்கவும் கூடாது. அதுதான் ஓய்வுநாள்.

சுற்றுலா அதிகாரியிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை வைங்க சார். நானே வந்து ஏத்துறேன்.”

“மந்திரிக்கு அன்னைக்கு டைம் இல்ல ஆன்ட்டி. வெளக்கு ஏத்துறது நல்ல காரியந்தானே?”

பழுதுபார்த்த யூதத் தொழுகைக் கூடத்தைத் திறந்து வைக்கிறார்களாம். அவள் அப்பனும் பாட்டனும் பூட்டாத கதவை.

சனிக்கிழமை காலை. அவளுடைய சுடர்கள் எண்ணெய் தீர்ந்து தாமாக அவிந்திருந்தன. கூடத்தின் நடுவே ஆளுயரக் குத்துவிளக்கு. மந்திரி மெழுகுவத்தியை நீட்டினார். ஐந்து திரி. கைதட்டல். போட்டோ.

சிப்போராவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஓய்வுநாளில் கோபமும் தீதான் என்பார் அப்பா. இருக்கட்டும். அதை அவளா ஏற்றினாள்? ஏற்றியவன் கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். “புடிக்கலேன்னா ஊதி அணைச்சிடுங்க ஆன்ட்டி. விழாதான் முடிஞ்சிடுச்சே.”

செவிடன் காதில் ஊதிய சங்கு.

எல்லோரும் போனார்கள். விளக்கு எரிந்தது. தளும்பத் தளும்ப எண்ணெய் விட்டிருந்தார்கள், பாவிகள். நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

பார்க்க வந்தவர்கள் படம் எடுத்தார்கள். பாட்டி பிரார்த்தனை செய்கிறாள் என்றார்கள். பிரார்த்தனையா? மந்திரியின் ஏழு தலைமுறையை அவள் ஒவ்வொன்றாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்தது. மழை. மேகம். வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. மறுபடி போனாள். மழை. மேகம்.

பிறகு மழை விட்டது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. வெகுநேரம் கழித்து, தென்னைக்கு மேலே மூன்றாவது.

அவள் ஊதவில்லை. ஐந்து திரியையும் விரலால் நசுக்கினாள். சுட்டது. சுடட்டும். பித்தளை விளக்கைத் தரதரவென்று இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே நிறுத்தினாள்.

உள்ளே ஒரே இருட்டு. தடவித் தடவிச் சங்கிலியை இறக்கி, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினாள். மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தாள்.

எண்ணெய்மேல் ஒரு சின்னச் சுடர். வெளியே, மந்திரியின் விளக்குமேல், மறுபடி ஆடி மழை.