புள்ள வேலை காலியில்லை

துளசிராமன் செருப்பைக் கழற்றியபோது உள்ளே சொந்தக்காரர்களை நியமித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் யாரு? கோடித்துணி போடணும். கைய தூக்கு" என்றார் தேசப்பன். கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து நடத்தும் சத்திரத்துக்கு அவர்தான் காவலாளி. வீடில்லாதவர்கள் அங்கே மூன்று இரவு தங்கலாம். நான்காம் நாள் காலை வெளியே போய், ரயிலடியை ஒரு சுற்றுச் சுற்றி, புது ஆளாக உள்ளே வருவார்கள். 1956 கோடையில் செத்து, இப்போது உள்ளே கிடத்தப்பட்டிருந்த பச்சையப்பன் இரண்டு வருஷமாகப் புது ஆளாகவே இருந்தவர்.

அநாதைப் பிணத்துக்குப் பஞ்சாயத்து மூங்கிலும் விறகும் தரும். உறவுகளைத் தராது. அவர்களைத் தேசப்பன் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்வார். கால்மாட்டில் கங்கம்மா, மகள் என்ற பொறுப்பில், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவரு புள்ள. ஆரணிலேர்ந்து வரேன். ரயிலடில சேதி சொன்னாங்க" என்றான் துளசிராமன். "கொள்ளி நான்தான் போடணும்."

ஒப்பாரி நின்றது.

"புள்ள வேலைக்கு ஆள் எடுத்தாச்சே" என்றார் தேசப்பன், உண்மையான வருத்தத்தோடு. "நம்ம தாவீது."

தீச்சட்டியை ஊதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். கழுத்தில் சிலுவை.

"அவன் வேதக்காரனாச்சே."

"குளிச்சிட்டான்" என்றார் தேசப்பன்.

கங்கம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். "புள்ளன்னா சொல்லு. இன்னா சண்டையில ஊட்ட உட்டு வந்தாரு?"

"கிணறு. மேட்டுல வெட்டலாம்னு நான். புளியமரத்தாண்டன்னு அவரு."

சத்திரமே அவனை ஏற இறங்கப் பார்த்தது. பச்சையப்பன் சொல்லிச் சொல்லி அந்தப் புளியமரம் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

"எங்க வெட்டின?" என்றான் தாவீது.

"மேட்டுலதான். பாறை." துளசிராமன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "அப்புறம் புளியமரத்தாண்ட. தண்ணி வந்துச்சி. அதச் சொல்லி இட்டுக்கினு போலாம்னுதான் ஊர் ஊரா தேடினேன்."

கங்கம்மா குனிந்து பச்சையப்பனின் காதருகே, "நைனா, தண்ணி வந்துச்சாம்" என்றாள். பிறகு ஒப்பாரியைத் தொடர்ந்தாள். இப்போது அதில் கிணறும் சேர்ந்துகொண்டது.

தாவீது சட்டியை நீட்டினான். பாதியில் கை நின்றது.

"ஒனக்குப் பொறந்ததுலேர்ந்து நைனா. எனக்கு ரெண்டு வருசமாதான்" என்றான்.

துளசிராமன் சட்டியை வாங்கவில்லை. தேசப்பனிடம் திரும்பினான்.

"தோள் எதுனா காலியா கீதா?"

"முன்னால எடப்பக்கம். அங்க நிக்கிறவன் குட்ட, பாடை சாயுது. நீ வா."

பாடை தண்டவாளத்தைக் கடந்தது. முன்னால் தாவீது. மகன், மகள், மச்சான் எல்லாரையும் ஏற்பாடு செய்தவர்கள் சட்டிக்கு உறி கட்ட மறந்திருந்தார்கள். சூடு தாங்காமல் அவன் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனான்.

துளசிராமன் தலைத்துண்டை ஒரு கையால் உருவி, நடந்தபடியே முன்னால் நீட்டினான். தாவீது திரும்பாமல் வாங்கி, மடித்துச் சட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.