வெறும் வயிறு

"கட்டில்ல உக்காராதேன்னு எத்தனை தடவை சொல்றது? எந்திரி! செருப்பை யாரு உள்ள கொண்டாந்தது? சீப்பை உள்ள வை. வார்டு என்ன சலூனா?"

1968இல், செகந்திராபாத்தின் ஓர் ஆஸ்பத்திரியில், ஆரோக்கியமேரி காலையில் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தால் இப்படித்தான். நர்ஸ் வேலையில் பதினான்கு வருடம். ஊசி போட்டால் பிள்ளைக்கு வலிக்காது. வாயைத் திறந்தால் தாய்க்கு வலிக்கும். போன வாரம் ஒளித்துச் சோறு கொண்டுவந்த ஒருத்தியைச் சாயங்காலம்வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். அவள் பையன் அழுது அழுது தொண்டை கட்டிப்போனான். அதை வார்டில் எந்தத் தாயும் மறக்கவில்லை.

ஏழாம் கட்டிலில் நான்கு வயது மங்கை. கொதிக்கிற கஞ்சி கொட்டிய கை. புண் ஆறும்போது விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரித்துவிட இன்று ஒன்பது மணிக்கு ஆபரேஷன்; அதுவரை பட்டினி. அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். அம்மா கனகம் நாலு நாளாகக் கட்டிலடியில் தலைப்பை விரித்துப் படுக்கிறாள்.

குழந்தையின் முகத்தைத் துடைக்க ஆரோக்கியமேரி குனிந்தாள். பால் வாசனை அடித்தது.

"ஏம்மா, பிள்ளைக்கு ஏதாவது குடுத்தியா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"எங்க குடுத்தா? நாங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்" என்றாள் ஆறாம் கட்டில் பையனின் தாய்.

"ஹவ் சிஸ்டர், ஆமா, ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல" என்றாள் எட்டாம் கட்டில்காரி. யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ஒருத்தி சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். ஐந்து பேர் சேர்ந்துகொண்டதும் ஆரோக்கியமேரிக்குச் சந்தேகம் வலுத்தது. இரண்டு வருடம் முன்னால் இதே வார்டுப் பிள்ளை ஒன்று மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து துணியில் சுற்றித் தூக்கி வந்தவள் இவள்தான். அந்தத் தாயும் முதலில் இல்லையென்றுதான் சொன்னாள்.

"பொய் சொன்னே, தொலைச்சிடுவேன்! சொல்லுடி!"

வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது.

"சிஸ்டர், ஜல்தி" என்றார் அதைத் தள்ளிவந்த அப்துல் ரஹீம். "டாக்டர் சாப் கை கழுவிட்டு நிக்கறாரு. காலையிலேயே கரம், கோவமா இருக்காரு."

வெறும் சந்தேகம் என்றால் டாக்டர் பத்மநாபன் நிறுத்தமாட்டார். போன மாதம் அப்படிச் சொல்லித் திட்டு வாங்கியிருந்தாள். ரஹீம் குழந்தையைத் தூக்கி வண்டியில் கிடத்தினார். அது நல்ல கையால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஆரோக்கியமேரி வண்டியைக் காலால் தடுத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கனகம், இங்க பாரு. வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல மேல வந்து மூச்சை அடைச்சிடும். பிள்ளை செத்துடும். அதுக்குத்தான் பட்டினி. வேற ஒண்ணுக்கும் இல்ல. உன்னை வெளிய அனுப்பமாட்டேன், இவ பக்கத்துலயே இருக்கலாம். குடுத்தியா?"

கனகம் சொல்லிவிட்டாள். "பாலு… ரெண்டு பன்னு. ஏழரை மணிக்கு. பசின்னு வீல்வீல்னு கத்துச்சுங்க. இவங்கல்லாம் மறைச்சுக்கிட்டு நின்னாங்க."

"குடுக்காதேன்னு நேத்தே சொன்னேனே!"

"சொன்னீங்க. கட்டில்ல உக்காராதேன்னும் சொன்னீங்க, தலை வாராதேன்னும் சொன்னீங்க. எல்லாத்துக்கும் ஒரே கத்துதான். இதுல எது உசுரு போற சங்கதின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஆரோக்கியமேரி ரஹீமிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். ஈரக் கையோடு டாக்டரே வந்துவிட்டார்.

"பாலும் பன்னுமா? அந்தப் பொம்பளையை முதல்ல வெளிய அனுப்பு. அப்பதான் மத்தவங்களுக்குப் புத்தி வரும்."

பெண்கள் எல்லாரும் நர்ஸின் முகத்தையே பார்த்தார்கள். கனகம் குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அனுப்பமாட்டேன் டாக்டர்" என்றாள் ஆரோக்கியமேரி. "இன்னைக்குப் பிள்ளை பிழைச்சது அவ உண்மையைச் சொன்னதால. ஏன் எதுக்குன்னு சொல்லாம இத்தனை வருஷம் அதட்டிக்கிட்டே இருந்தது நான். அதட்டினா தாய் வாயை மூடிக்குவா. அவ வாயை மூடினா சாகறது பிள்ளை. நமக்குத் தெரிஞ்சதைத் தாய்க்கும் புரியவைக்கறதுதான் நர்ஸு வேலை. மிரட்டறது இல்ல."

டாக்டர் அவளை ஒருமுறை முறைத்தார். "ஆபரேஷனைச் செவ்வாய்க்கிழமை போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு ஆறாம் கட்டில் பையனின் தாய் மெல்ல எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், என் பையன் மூணு நாளா மாத்திரையைத் துப்பிடறான். முழுங்கிட்டான்னு உங்ககிட்ட நான்தான் பொய் சொன்னேன்."

ஆரோக்கியமேரிக்குத் திட்டு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வா, உக்காரு" என்று கட்டிலில் இடம் விட்டாள். "எந்த மாத்திரைன்னு சொல்லு."